பலகையும் பாதமும் இசையட்டும்
பழைய கணினியைக் குறைந்த செலவில் சீர்ப்படுத்த விரும்பும் குடும்பங்களுக்கு ஓர் ஆலோசனை



கடன்காரன் வாசலில் நிற்க, தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக இழந்துபோகும் நிலையில் இருந்த ஒரு விதவை எலிசாவிடம் வந்து முறையிட்டதை 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தீர்க்கதரிசி முதலாவது அவளிடத்தில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றே விசாரித்தார். அவள் அற்பமாக எண்ணியிருந்த ஒரு குடம் எண்ணெயிலிருந்தே தேவன் தம்முடைய கிரியையைத் தொடங்கினார். வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ளதைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, ஆவிக்குரிய காரியங்களுக்கு மாத்திரமல்ல, வீட்டு மேஜையின்மேல் இருக்கும் பழைய கணினிக்கும் பொருந்தும்.

அடுகோடி, ஈஜிபுரா, நீலசந்திரா, வில்சன் கார்டன் பகுதிகளில் நம்முடைய குடும்பங்களைச் சந்திக்கையில் ஒரே விதமான கேள்வியைப் பெற்றோர் கேட்கிறார்கள். மகன் பி.யு.சி. முடித்து டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறான், மகள் பி.காம். படிக்கிறாள், கணினி இல்லாமல் படிப்பு நடவாது. வீட்டில் இருப்பதோ யாரோ பயன்படுத்திக் கொடுத்த, அல்லது பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு பெட்டி. அது திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. அல்லது ஒருநாள் அடியோடு நின்றுபோயிற்று. "ஐயா, புதிதாக ஒன்றை வட்டிக்கு வாங்கியாவது எடுத்துக் கொடுத்துவிடலாமா?" என்று தகப்பன் கேட்கிறார். பதில் சொல்லுமுன் அறிய வேண்டியவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காய் எழுதுகிறேன்.

தாய்ப்பலகை என்பது என்ன?

கணினிப் பெட்டியைத் திறந்தால், பக்கச்சுவர்போல் பொருத்தப்பட்டிருக்கும் அகன்ற பலகையே மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை. மூளையாகிய பிராசஸர், நினைவகமாகிய ரேம், சேமிப்பிடமாகிய ஹார்டு டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய யாவும் இப்பலகையில் வந்து இணைகின்றன. ஒன்றோடொன்று பேசுவதும் இதன் வழியாகவே.

யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் பலகைகளைக் குறித்து வாசிக்கும்போது ஒரு காரியத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு கழுந்துகள். அக்கழுந்துகள் இறங்கி நிற்க வெள்ளிப் பாதங்கள். தெற்குப் பக்கத்தில் 20 பலகைகளுக்கு 40 பாதங்கள் என்று கணக்குத் தவறாமல் சொல்லப்பட்டிருக்கிறது. கழுந்து பாதத்தில் பொருந்தாவிட்டால் பலகை எவ்வளவு விலையேறப்பெற்றதாயினும் நில்லாது. கணினியிலும் காரியம் இதுவே. பிராசஸருக்கு ஏற்ற சாக்கெட், ரேமுக்கு ஏற்ற ஸ்லாட், பெட்டிக்கு ஏற்ற அளவு என்று மூன்றும் இசைந்தால்தான் பலகை பயன்படும். மைக்கோ என்று அடுகோடியார் நெடுங்காலம் அழைத்து, 2008 முதல் பாஷ் என்று பெயர் மாறிய தொழிற்சாலையை அறிந்த மூத்த சகோதரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரை பொருந்தாத ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு முறுக்கினாலும் அது உட்காராது.

முதலாவது, நோய் எதுவென்று அறியுங்கள்

மந்தமாய் ஓடும் கணினி வேறு. ஓடாத கணினி வேறு. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

மந்தமாய் ஓடுமானால், தாய்ப்பலகையை மாற்ற அவசரப்படாதீர்கள். விண்டோஸ் ஓடும் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பாமன்ஸ் என்னும் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். உங்கள் பிள்ளை வழக்கமாகத் திறக்கும் பக்கங்களையும் கோப்புகளையும் திறந்து வைத்தபின், ரேம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேமில் இடம் மீந்திருந்தும், டிஸ்க் மாத்திரம் ஓயாமல் 100 சதவீதத்தில் நின்றால் குறைவு ஹார்டு டிஸ்க்கில் இருக்கக்கூடும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பல பழைய கணினிகள் புத்துயிர் பெறுகின்றன. அதே மெமரிப் பக்கத்திலேயே மொத்தம் எத்தனை ஸ்லாட்டுகள், அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, ரேமின் வேகம் என்ன என்பதும் எழுதியிருக்கும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கணினி அடியோடு ஓடாவிட்டால், மின்சார இணைப்பைக் கழற்றிவிட்டுப் படிப்படியாகப் பாருங்கள். முதற்படி, தூசி. கட்டட வேலை ஓயாத நம் நகரத்தில் பெட்டிக்குள் தூசி படிந்து காற்றாடி நின்றுபோவது சாதாரணம். இரண்டாம் படி, ரேம். அதைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள் நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். பல கணினிகள் இவ்வளவிலேயே எழுந்துவிடுகின்றன. இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் படி, பலகையிலுள்ள காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி. சிஆர்2032 என்னும் எண்ணுள்ளது. ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடுமானால் இதுவே காரணம். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். நான்காம் படி, எஸ்.எம்.பி.எஸ்.; நம்பிக்கையான ஒருவரிடமிருந்து வேறொன்றைப் பெற்றுச் சோதியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாத்திரம் நீங்களாகத் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இவை யாவும் சரியாயிருந்தும் உயிர் வராவிட்டால், பலகையின்மேல் சிறு உருளைகளாய் நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். அவற்றின் தலை தட்டையாயிருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் பலகை பழுதாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் பரவி, பல நிறுவனங்களின் பலகைகள் காலத்துக்கு முன்னே கெட்டுப்போயின. கைத்திறனுள்ள மெக்கானிக் கெப்பாசிட்டரை மாத்திரம் மாற்றித் தருவார். அதற்கும் வழியில்லாதபோதுதான் வேறு பலகை தேட வேண்டும்.

பிராசஸரும் அதன் சாக்கெட்டும்

பிராசஸர் நன்றாயிருந்து பலகை மாத்திரம் கெட்டிருந்தால், அந்தப் பிராசஸருக்கு ஏற்ற பலகையையே தேட வேண்டும். அதன் பெயரே அதன் தலைமுறையைச் சொல்லும். ஐ3-2120 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 2. ஆகவே அது இரண்டாம் தலைமுறை. ஐ5-10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்களைச் சேர்த்துப் பத்தாம் தலைமுறை என்று அறிக.

இன்டெல் பிராசஸர்களின் சாக்கெட்டுகளை இவ்விதமாய் நினைவில் வையுங்கள்.

கோர் 2 டியோ காலத்தவை: எல்ஜிஏ 775. ஜி31 பலகைகளில் பெரும்பாலும் டிடிஆர்2 ரேம். ஜி41 பலகைகளில் சிலவற்றில் டிடிஆர்2, சிலவற்றில் டிடிஆர்3.

2-ஆம், 3-ஆம் தலைமுறை: எல்ஜிஏ 1155. எச்61, பி75 பலகைகள். டிடிஆர்3 ரேம்.

4-ஆம் தலைமுறை: எல்ஜிஏ 1150. எச்81, பி85 பலகைகள். இவற்றிற்கும் டிடிஆர்3.

6-ஆம், 7-ஆம் தலைமுறை: எல்ஜிஏ 1151. எச்110 முதலிய பலகைகள். பெரும்பாலும் டிடிஆர்4.

8-ஆம், 9-ஆம் தலைமுறை: இவற்றின் சாக்கெட்டும் எல்ஜிஏ 1151 என்றே அழைக்கப்படும். எச்310, பி360 பலகைகள். டிடிஆர்4.

10-ஆம், 11-ஆம் தலைமுறை: எல்ஜிஏ 1200. டிடிஆர்4.

12-ஆம் தலைமுறை முதல் 14 வரை: எல்ஜிஏ 1700. சில பலகைகள் டிடிஆர்4, சில பலகைகள் டிடிஆர்5.

ஏஎம்டி பிராசஸர்களில் ரைசன் வரிசையின் முந்தியவை ஏஎம்4 சாக்கெட்டும் டிடிஆர்4 ரேமும் உடையவை. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மாத்திரமே.

இதில் ஓர் எச்சரிப்பு உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதால் உள்ளமும் ஒன்று என்று எண்ணிவிடாதிருங்கள். 1151 என்ற ஒரே பெயர் இருந்தும், 8-ஆம் தலைமுறைப் பிராசஸர் எச்110 பலகையில் உட்காரும், ஆனால் ஓடாது. எச்61 பலகைகளிலும் சிலவற்றில் 3-ஆம் தலைமுறைப் பிராசஸர் ஓடவேண்டுமானால் முன்னதாக பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பலகை தயாரித்தவர்கள் வெளியிட்ட பிராசஸர் பட்டியலில் உங்கள் பிராசஸரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தபின்பே பணம் கொடுங்கள்.

அளவையும் பாருங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244 மில்லிமீட்டர் சதுரம். ஏடிஎக்ஸ் பலகை 305-க்கு 244. சிறிய பெட்டியில் பெரிய பலகை நுழையாது. பெரிய நிறுவனங்களின் முத்திரையோடு வந்த சில கணினிகளில் பலகையின் வடிவமும் மின்இணைப்பும் தனி விதமாயிருக்கும். பொதுப்பலகை அவற்றில் பொருந்தாது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 24 முள் இணைப்பும், பிராசஸருக்கான 4 அல்லது 8 முள் இணைப்பும் உண்டா என்றும் பாருங்கள். பழைய வஸ்திரத்தோடு கோடித்துண்டை இணைத்தால் கிழிசல் பெரிதாகும் என்று நம்முடைய ஆண்டவர் உரைத்தது (மத்தேயு 9) இங்கேயும் உண்மை. பலவீனமான எஸ்.எம்.பி.எஸ். புதிய பலகையையும் கெடுத்துவிடும்.

ரேம்: தோற்றத்தில் சகோதரர், சுபாவத்தில் வேறானவர்

ரேம் வகைகள் வரிசையாய் வந்தவை. டிடிஆர்2 2003-லும், டிடிஆர்3 2007-லும், டிடிஆர்4 2014-லும் சந்தைக்கு வந்தன; டிடிஆர்5-க்கான விதிமுறை 2020-இல் வெளியானது. டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1 என்று மின்அழுத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் 240 தொடுமுனைகள். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. எண்ணிக்கை ஒன்றாயிருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மாறான ரேம் உள்ளே போகாதபடிக்கே அந்த வெட்டு வைக்கப்பட்டிருக்கிறது. போகவில்லையென்றால் பலவந்தப்படுத்தாதீர்கள். மடிக்கணினியின் ரேம் நீளத்தில் குறைந்தது. மேஜைக்கணினியில் அது சேராது.

வாங்கும்போது ஐந்து காரியங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வேகம். டிடிஆர்3-இல் 1333, 1600 என்னும் வேகங்கள் சாதாரணம். ரேமின்மேல் ஒட்டிய தாளில் பிசி3-10600 என்றிருந்தால் அது 1333. பிசி3-12800 என்றிருந்தால் 1600. வெவ்வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். ஆகவே மந்தமான ரேமுக்குத் துணையாக விலைமிகுந்த வேகமான ரேம் வாங்குவதில் லாபமில்லை.

இரண்டு, பலகையின் கொள்ளளவு. எச்61, எச்81 பலகைகளில் பொதுவாக இரண்டு ஸ்லாட்டுகள்; அதிகபட்சம் 16 ஜிபி. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களை இணையாய்ப் போட்டால் இரண்டு பாதைகளிலும் தகவல் ஓடி வேகம் கூடும்.

மூன்று, "ஏஎம்டிக்கு மாத்திரம்" என்று சொல்லி மலிவாய் விற்கும் டிடிஆர்3 ரேம். இன்டெல் பலகைகளில் அது ஓடாது. சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை ரேமும் அவ்வாறே. விலை மனதை இழுக்கும், வீட்டுக் கணினியில் பயன்படாது.

நான்கு, ஜி41 பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. அதில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுவதானால், இரு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ளதையே கேளுங்கள். 8 சில்லுகள் உள்ளதை அப்பலகை ஏற்காது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார்; ஒன்றல்ல.

ஐந்து, விண்டோஸ் 32-பிட் வகையா, 64-பிட் வகையா என்று பாருங்கள். வீட்டுக் கணினிகளில் உள்ள 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் காணாது. அந்த நான்கிலும் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாது. அதை மாற்றாமல் 8 ஜிபி போடுவது, துளையுள்ள பையிலே கூலியைப் போடுவதற்குச் சமம்.

எவ்வளவு ரேம் தேவை? கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடங்களை வாசிக்கவும் 4 ஜிபி குறைந்த அளவு; ஆன்லைன் வகுப்பும் பல பக்கங்களும் ஒருங்கே திறப்பவர்களுக்கு 8 ஜிபி போதுமானது. விளையாட்டுக்காக 32 ஜிபி கேட்கும் பிள்ளைக்குத் தகப்பன் அன்போடு மறுப்புச் சொல்லலாம்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும் முறை

சென்னையாருக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூரு மக்களுக்கு எஸ்.பி. ரோடு அப்படி. சிக்பேட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், புதியதும் பழையதுமான கணினி உதிரிப்பாகங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஆனால் ஆயத்தமில்லாமல் போகிறவன் தேவையற்றதைச் சுமந்து வருவான்.

போகுமுன் பிராசஸரின் முழுப்பெயர், பலகையின்மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண், ரேமின் தாளிலுள்ள எழுத்துக்கள், பெட்டியின் அளவு ஆகியவற்றைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் பிராசஸரையும் ரேமையும் பத்திரமாய் எடுத்துச் சென்று, கடையிலேயே பலகையில் பொருத்தி ஓடவிட்டுப் பாருங்கள். இன்டெல் பலகைகளில் முட்கள் சாக்கெட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 1155 என்பது அந்தத் தொடுமுனைகளின் எண்ணிக்கை. பழைய பலகை வாங்கும்போது சாக்கெட்டின் மூடியைத் திறந்து, முட்கள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். யுஎஸ்பி, ஒலி, நெட்வொர்க், திரை இணைப்பு ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்.

பழைய சிப்செட்டைக் கொண்டு புதிதாகத் தயாரித்த எச்61, எச்81 பலகைகளும் விற்கப்படுகின்றன. அவை புதியவையா, பயன்படுத்தியவையா, பழுதுபார்த்தவையா என்று நேரடியாய்க் கேட்டு, அதைப் பில்லிலே எழுதி வாங்குங்கள். எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவார்கள் என்பதும் பில்லில் இருக்கட்டும். பில் இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வாரண்டியும் போகும், வரி ஏய்ப்பில் பங்காளியாவதும் நேரிடும்.

வீட்டுக்கு வந்தபின் மெம்டெஸ்ட்86 என்னும் இலவச மென்பொருளாலோ, விண்டோஸிலேயே உள்ள மெமரிச் சோதனையாலோ ரேமை ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கொண்டுபோய் மாற்றுங்கள். பிழையுள்ள ரேம் பிள்ளையின் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

விலையைக் குறித்து ஒரு வார்த்தை. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்களுக்கு மெமரிச் சில்லுகள் திரளாய்ச் செல்லத் தொடங்கியதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் ரேம் விலை கடுமையாய் ஏறிற்று. முன்பு யாரோ சொன்ன விலையை நம்பிப் போகாமல், குறைந்தது மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய ரேமைக் குப்பை என்று எறிந்துவிடாதிருங்கள்.

செல்லும் செலவைக் கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்பு உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14). இந்தக் கணக்கிலே மூன்று நிலைகள் உண்டு.

ரேம் அல்லது எஸ்.எஸ்.டி. மாத்திரம் தேவையானால் தயங்காமல் செய்யலாம். பலகை மாத்திரம் கெட்டு, பிராசஸரும் ரேமும் நன்றாயிருந்தால் அதே வகைப் பலகையை வாங்குவது நியாயம். பலகை, பிராசஸர், ரேம் மூன்றையுமே மாற்ற வேண்டியிருந்தால் சற்று நில்லுங்கள். அப்பொழுது நீங்கள் பழையதைச் சீர்ப்படுத்தவில்லை. பழைய பெட்டிக்குள் வேறொரு கணினியை வாங்குகிறீர்கள். அந்த மொத்தத் தொகையை, அலுவலகங்களில் பயன்படுத்திப் புதுப்பித்து வாரண்டியோடு விற்கும் ஒரு முழுக் கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

இவ்விடத்தில் விண்டோஸைப் பற்றியும் எண்ண வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திற்று. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் பொதுவாய் 8-ஆம் தலைமுறை முதற்கொண்டு உள்ள பிராசஸரும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. எச்61, எச்81 பலகைகளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே உங்கள் பிள்ளையின் கல்லூரி விண்டோஸில் மாத்திரம் ஓடும் மென்பொருளைக் கட்டாயமாக்குகிறதா என்று முதலாவது கேளுங்கள். ஆம் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் குறைந்த பலகையில் புதிதாய்ப் பணம் போடாதீர்கள். இல்லை என்றால் பழைய பலகையே லினக்ஸோடு இன்னும் பல காலம் உழைக்கும்.

கடனைக் குறித்துச் சொல்லாமல் விட முடியாது. எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று ரூபாய் மாதவட்டிக்கு வாங்கினால் மாதம் 900 ரூபாய் வட்டி. ஒரு வருஷத்தில் வட்டி மாத்திரம் 10,800 ரூபாய். முதலோ அப்படியே நிற்கும். கார்மென்ட்ஸ் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பத்துக்கு இது பிள்ளையின் ஆகாரத்திலிருந்து எடுக்கும் பணம். பக்கத்து வீட்டில் மடிக்கணினி வந்துவிட்டது என்பதற்காக வட்டிக்கடையின் வாசலை மிதிக்க வேண்டாம். மூன்று மாதம் பொறுத்து, கைப்பணத்தில் ஒரு ரேம் வாங்குவது விசுவாசக்குறைவல்ல; அது ஞானம்.

திருட்டு மென்பொருள் நம்மிடத்தில் இருக்கலாகாது

பலகையை மாற்றினவுடன் விண்டோஸ் தன் உரிமத்தைக் கேட்கும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாய் அந்தப் பலகையோடு கட்டப்பட்டது. வேறு பலகைக்கு மாறாது. தனியாய் விலை கொடுத்து வாங்கிய ரீடெயில் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். சேர்க்காதவர்கள்தான் "கிராக்" போட்டுத் தருகிறேன் என்பவனிடம் போய் நிற்கிறார்கள். அது திருட்டு; வேறு பெயர் அதற்கு இல்லை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மேலும், அப்படிப்பட்ட மென்பொருளோடு வைரஸ்களும் வந்து வங்கிக் கணக்கின் இரகசியங்களைக் கவரக்கூடும். சபை அலுவலகக் கணினியில் திருட்டு மென்பொருளை வைத்துக்கொண்டு பரிசுத்தத்தைப் பிரசங்கிப்பது எப்படி?

நியாயமான வழி உண்டு. லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவை விலையில்லாமல், சட்டப்படியே கிடைப்பவை. எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான வடிவம் பழைய பலகைகளுக்கு ஏற்றது. லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நம்முடைய நகரத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. குர்ரப்பனபாளையத்தை ஒட்டிய சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த வாலிபர்கள் நடத்தி, பழைய கணினிகளிலேயே ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வேதாகமக் கல்லூரிகளில் பயின்ற நாமும், வாலிபர் ஐக்கியம் வைத்திருக்கும் சபைகளும் இதைக் கண்டு கற்க வேண்டும்.

நீக்கிய பலகையை என்ன செய்வது?

எதையும் கழற்றுமுன் படங்களையும், சான்றிதழ்களையும், சபைப் பாட்டுகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாட்டுகளை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது உத்தமம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாய்த் தெரியும். ஹார்டு டிஸ்க்கை விற்கவோ கொடுக்கவோ நேர்ந்தால், முழுவதும் அழித்துவிட்டே கொடுங்கள். அழிக்கும் பொத்தானை அழுத்தினது மாத்திரம் போதாது. அதற்கான மென்பொருளால் மேலெழுத வேண்டும்.

கெட்ட பலகையைக் குப்பையில் எறியவும், செம்புக்காக எரிக்கவும் கூடாது. பழைய பலகைகளின் ஈயப்பற்றில் உள்ள ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. எரியும் பிளாஸ்டிக்கின் புகையும் நஞ்சுள்ளது. அந்தப் புகையைச் சுவாசிப்பது பெரும்பாலும் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளே. மின்கழிவைக் குறித்த 2022-ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமே ஒப்படையுங்கள்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசரிப்புக்கூடாரத்தின் வேலைக்காகக் கர்த்தர் பெசலெயேலைத் தம்முடைய ஆவியினால் நிரப்பி, பொன்னிலும் மரத்திலும் வேலைசெய்யும் திறமையைக் கொடுத்தார் (யாத்திராகமம் 31). கையின் திறமையும் ஆவியானவரின் வரமே. நம்முடைய சபைகளில் எத்தனையோ வாலிபர் பகலில் கணினி நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சபை மண்டபத்தில் இரண்டு மேஜைகளைப் போட்டு, விசுவாசிகளின் பழைய கணினிகளைச் சோதித்துச் சொல்லலாமே. எது ரேமுக்கு ஏற்றது, எது பலகைக்குத் தகுதியற்றது என்று உண்மையாய்ச் சொல்லும் ஒரு வாலிபன், ஒரு விதவையின் குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றுவான். ஒரு வீட்டில் மீந்திருக்கும் டிடிஆர்3 ரேம் இன்னொரு வீட்டில் பிள்ளையின் தேர்வுக்கு உதவும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும், அவன் எந்த மதத்தானாயிருந்தாலும், அந்த மேஜையில் இடம் இருக்கட்டும். அதுவும் சாட்சியே.

ஜூன் மாதத்தில் கல்லூரி திறக்குமுன், பெற்றோரே, பிள்ளையோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். பிராசஸரின் பெயரையும் ரேமின் வகையையும் பிள்ளையே எழுதட்டும். கையிலுள்ள பணத்தையும் அதே தாளில் எழுதுங்கள். ஜெபத்தோடு தீர்மானியுங்கள். நம்முடைய தேவன் கொஞ்சத்தில் உண்மையாயிருக்கிறவர்களைக் கனப்படுத்துகிறவர். அவர் தாமே உங்கள் வீட்டின் வரவையும் செலவையும், பிள்ளைகளின் படிப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.